அளந்த அலைமுகமும் வகுத்த அலைமுகமும்

ஓர் ஆடியையோ வில்லையையோ ஆக்குமுன் அதன் வடிவத்தைக் கணக்கினால் வகுக்கின்றோம். ஆக்கியபின் அதனை அளவினால் அறிகின்றோம். வகுத்ததும் அளந்ததும் தம்முள் ஒத்துள்ளனவா என ஆராய்தல் ஒளியியற் பொறியியலாளரின் தலையாய கடமையாகும். இக்காலத்தில் இவ்வொப்புநோக்கு கணினியிலேயே நிகழ்கின்றது. அது செவ்வனே நிகழ்தற்கு வேண்டுவன யாவை என்பதை இம்மலரிற் சுருக்கமாக ஆராய்வாம்.

ஒரே அவத்தையிலுள்ள ஒளியலைப் புள்ளிகளை இணைக்கும் பரப்பே அலைமுகம் எனப்படும். குற்றமற்ற தொலைகாட்டி, விண்மீனின் ஒளியைக் குவியத்தை நோக்கிச் சுருங்கும் கோளவடிவ அலைமுகமாக அனுப்பும். உண்மை அலைமுகம் அக்கோளத்தினின்று எவ்வளவு விலகியுள்ளது என்பதைத் தலையீட்டுமானி அளந்து தருகின்றது. அவ்விலகலைப் புள்ளிதோறும் எண்களாக எழுதலாம். அன்றேல், 1953 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற டச்சு அறிஞர் சேர்னிக் வகுத்த பல்லுறுப்பிகளின் குணகங்களாக எழுதலாம். ஒளியியல் வடிவமைப்பு மென்பொருள் இவ்விருவகைத் தரவுகளையும் ஏற்கும்.

எனினும், மென்பொருள் எண்களை ஏற்றமையால் அவற்றின் பொருளையும் உணர்ந்தது எனக் கொள்ளலாகாது. பின்வருவனவற்றை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

முதலாவது, அலகு. ஈலியம் நியோன் லேசரின் அலைநீளம் 632.8 நனோமீற்றர். அவ்வொளியில் ஓர் அலையளவான விலகல், 550 நனோமீற்றர் ஒளியில் ஏறத்தாழ 1.15 அலையாகும். அன்றியும், ஆடியில் ஒளி செங்குத்தாகப் பட்டு மீளுங்கால், பரப்பிலுள்ள மேடு அலைமுகத்தில் இருமடங்காகும். தரப்பட்டது பரப்பின் பிழையா, அலைமுகத்தின் பிழையா என்பதை அறியாதார் இருமடங்கு பிழைபடுவர்.

இரண்டாவது, குறி. கருவியும் மென்பொருளும் எதிரெதிர்க் குறிமரபினைக் கொண்டிருப்பின் மேடு பள்ளமாகத் தோன்றும். அதனை நம்பி மெருகிடுவோன் குற்றத்தைக் களையான், பெருக்குவான்.

மூன்றாவது, வரிசை. சேர்னிக் உறுப்புகளை எண்ணும் முறைகள் பல. முதன்மைக் கோளப் பிறழ்ச்சி ஒரு முறையில் 9 ஆம் உறுப்பாகவும், நொல் என்பாரது முறையில் 11 ஆம் உறுப்பாகவும் வரும். குணகத்தின் பெறுமானமும் வேறுபடும்.

நான்காவது, வட்டமும் திசையும். குணகங்கள் எவ்வாரையுள்ள வட்டத்துக்கு உரியன என்பதையும், படம் இடம்வலம் மாறியுள்ளதா என்பதையும் அறிதல் வேண்டும். ஆடியின் விளிம்பில் ஓர் அடையாளமிட்டு அளத்தல் இதற்கு எளிய வழியாகும்.

ஐந்தாவது, அமைப்பினால் வந்த சாய்வு போன்றவற்றை நீக்குவதாயின், இரு அலைமுகங்களினின்றும் ஒரே வகையாக நீக்குதல் வேண்டும்.

இவை யாவும் செய்தபின்னும் முரண்பாடு எஞ்சுமாயின் என் செய்வது? ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் வரலாறு இதற்கு விடை கூறும். அதன் 2.4 மீற்றர் முதன்மை ஆடியைச் சோதித்த திருத்துங் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம் பிறழ்ந்திருந்தது. அக்கருவியின்படி ஆடி பிழையற்றது. வேறிரு சோதனைகள் பிழையைக் காட்டின. ஆயினும், அவை நுண்மை குறைந்தவை எனத் தள்ளப்பட்டன. 1990 ஆம் ஆண்டில் தொலைகாட்டி விண்ணேறிய பின்னரே ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர் தட்டையாயிருந்தமை தெரிந்தது.

பின்னர் விண்மீன்களின் படிமங்களையும், பேணிவைக்கப்பட்டிருந்த அச்சோதனைக் கருவியையும் ஆராய்ந்தனர். ஆடியின் கூம்பு மாறிலி வகுத்தபடி −1.0023 ஆகாது, ஏறத்தாழ −1.0139 எனக் கண்டனர். அப்பெறுமானத்துக்கேற்ப எதிர்ப்பிழையுடைய ஒளியுறுப்புகளை ஆக்கி, 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர் பொருத்தினர், படிமங்கள் தெளிந்தன.

பிழையைச் செய்ததும் அளவையே. பிழையைத் தீர்த்ததும் அளவையே. ஒன்றோடொன்று முரணும் அளவைகளுள் நமக்கு உவப்பானதைத் தெரிந்துகொள்ளாது, முரணின் காரணத்தைத் தேடுவதே அறிவியல் நெறி. ஆய்வுகூடத்தில் விடை ஒவ்வாதபோது எண்ணைத் திருத்தியெழுத விழையும் மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.