விழாவுக்கு முன் வெயிலில் சேர்க்கும் உணவு

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்களில் ஆடித் திங்கள் பிறந்துவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். திருக்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டது என்பதே அப்பேச்சு. சிவபெருமானும் திருமாலும் ஒருருவாகிச் சங்கரநாராயணராகக் காட்சி தர வேண்டும் என்று கோமதியம்மன் தவமிருந்ததை நினைவூட்டும் பெருவிழா அது. வெளியூரில் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் அந்நாட்களில் ஊர் திரும்புகின்றனர். மணம் முடித்துக் கொடுத்த பெண்கள் குழந்தைகளுடன் தாய்வீடு வருகின்றனர். நான்கு பேர் உண்ட வீட்டில் பத்துப் பேர் உண்கின்றனர்.

வருவோரை வயிறார உபசரிக்க வேண்டும் என்ற விருப்பம் எல்லோருக்கும் உண்டு. ஆயின், பொருள் முட்டுப்பாடு மிகுந்த காலமும் அதுவே. சூன் திங்களில் பள்ளிகள் திறந்து, புத்தகம், சீருடை என்று செலவாகியிருக்கும். கிணற்றுப் பாசனம் உள்ளோர் ஆடிப்பட்டத்திற்கு விதையும் உரமும் வாங்கியிருப்பர். அவ்வேளையில் பத்துப் பேருக்குக் காய்கறி வாங்குவது எளிதன்று. இதனை அறிந்த நம் தாய்மார்கள் மூன்று மாதங்களுக்கு முன்னரே, சித்திரை வெயிலில், விழாவுக்கான உணவைச் சேர்க்கத் தொடங்கிவிடுகின்றனர். கூழ் வற்றல், வெங்காய வடகம், மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், சுண்டை வற்றல், எலுமிச்சை ஊறுகாய் ஆகிய யாவும் இவ்வாறு சேர்ப்பனவே. இச்சேமிப்பைக் கெடாமல் காப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஏன் சித்திரையும் வைகாசியும்?

தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் வாரத்தை ஒட்டிக் கேரளக் கரையை அடைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அக்காற்று நம் பக்கம் புகுகிறது. குற்றாலத்தில் சாரல் விழுவது இதனாலேயே. சங்கரன்கோவில் மலையின் மழை மறைவில் இருப்பதால் நமக்கு அம்மழை மிகுதியாகக் கிட்டுவதில்லை. எனினும் காற்றும், மேகமும், புழுதியும் தவறாமல் வருகின்றன. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழியின் பொருளை இவ்வட்டாரத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. அக்காற்றில் வற்றல் உலர்த்தினால் மண்ணும் சேர்ந்தே உலரும். ஆகவே கத்திரி வெயில் காயும் நாட்களே இப்பணிக்கு ஏற்றவை.

குளிர் மிகுந்த நாடுகளில் பனிக்காலம் வருமுன் உணவைச் சேர்த்து வைப்பது வழக்கம். தென் அமெரிக்காவின் ஆண்டிசு மலை மக்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்தி ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்கின்றனர். அவர்களுக்குப் பனி உதவுகிறது. நமக்கு வெயில் உதவுகிறது. இரண்டிலும் நோக்கம் ஒன்றே: உணவிலுள்ள நீரைக் கிருமிகளுக்கு எட்டாமல் செய்தல்.

உணவு கெடுவது எதனால்?

கொத்தவரை, வெண்டை, பாகல் முதலிய காய்களின் எடையில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் நீரே உள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகளும் பூஞ்சைகளும் அந்நீரைக் கொண்டே வளர்கின்றன. நீர் குறையக் குறைய முதலில் கிருமிகளின் வளர்ச்சி நிற்கும்; இன்னும் குறைந்தால் பூஞ்சையின் வளர்ச்சியும் நிற்கும். கிருமிகள் தோற்ற இடத்திலும் பூஞ்சை சில காலம் தாக்குப்பிடிக்கும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அரைகுறையாகக் காய்ந்த வற்றலில் நாற்றம் எழாமல், பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

உப்பும் இவ்வேலையையே செய்கிறது. அது காயிலுள்ள நீரை வெளியே இழுத்து, எஞ்சிய நீரையும் கிருமிகளுக்குப் பயன்படாமல் பிடித்து வைக்கிறது. ஆனால் அதே உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். வைகாசியில் ‘படக்’கென்று ஒடிந்த வற்றல், மூடாமல் வைத்தால் ஆடியில் நமுத்துப்போவது இதனால்தான். எனவே உலர்த்துவது பாதி வேலை. காற்றுப் புகாமல் அடைத்து வைப்பது மறுபாதி.

நாம் கற்ற ஒரு பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது நிகழ்ந்ததை இங்கே கூறுதல் பொருந்தும். அங்கே மகளிர் சுய உதவிக் குழு ஒன்று கடன் பெற்று, அரிசியும் மிளகாயும் வாங்கி, கூழ் வற்றலும் மிளகாய் வற்றலும் தயாரித்தது. கோவில் கொடைவிழாவில் கடையிட்டு விற்பது அவர்களது எண்ணம். நாமும் ஊக்கமளித்தோம். ஊக்கம் அளித்ததோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மறுநாள் காலை வண்டி வருகிறது, இன்று மாலைக்குள் பொதிந்து முடித்துவிடுங்கள் என்று அவசரமும் படுத்தினோம். மேலே தொட்டுப் பார்த்தபோது எல்லாம் காய்ந்தே இருந்தது. வெயிற்சூடு ஆறுமுன் நெகிழிப் பைகளில் இட்டு ஒட்டினார்கள்.

மூன்றாம் வாரம், விழாவுக்குச் சில நாள் முன், பைகளைப் பிரித்தபோது பெரும்பகுதியில் பூஞ்சை படர்ந்திருந்தது. தடித்த வற்றலின் நடுவே தங்கியிருந்த ஈரமும், சூட்டோடு அடைத்ததால் பைக்குள் வியர்த்த நீரும் சேர்ந்து செய்த வேலை அது.

குழுவில் மூத்தவரான ஓர் அம்மையார் நம்மிடம், “ஐயா, கடைக்குக் கொடுக்க வேண்டாம். தட்டிப்போட்டு இன்னொரு வெயில் காட்டினால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காவது ஆகுமே?” என்று கேட்டார்.

“அம்மா, ஊரார் பிள்ளைக்கு ஆகாதது உங்கள் பிள்ளைக்கு எப்படி ஆகும்?” என்றோம்.

“அப்படியானால் மாட்டுக்காவது போடலாமா?” என்று மற்றொருவர் கேட்டார். அதுவும் கூடாது என்றோம். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. குழி தோண்டி, அத்தனையையும் கொட்டி மூடினார்கள். அக்கடனைப் பின்னர்க் கூலி வேலை செய்து தவணை தவறாமல் அடைத்தார்கள். அவர்களது உழைப்பில் குறையில்லை. காய்ந்துவிட்டதா என்று சோதித்துப் பார்க்கும் முறையைக் கற்பிக்காமல், நாளை மட்டும் குறித்துக் கொடுத்த குறை நம்முடையது.

பூஞ்சையின் நஞ்சு

பூஞ்சையைத் துடைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் கிராமங்களில் மட்டுமன்றி நகரங்களிலும் நிலவுகிறது. இது ஆபத்தானது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று தெரியவந்தது. அந்நஞ்சிற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். நிலக்கடலை, மிளகாய், சோளம், அரிசி முதலியன ஈரத்தோடு கிடந்தால் இந்நஞ்சு உண்டாகக்கூடும். அது கல்லீரலைத் தாக்குவது. நெடுங்காலம் உடலிற் சேர்ந்தால் புற்றுநோயையும் விளைவிக்க வல்லது.

வெயிலில் மீண்டும் காயவைத்தால் பூஞ்சை மடியலாம். அது உமிழ்ந்த நஞ்சு மடிவதில்லை. எண்ணெயில் பொரித்தாலும், குழம்பில் கொதிக்க வைத்தாலும் முழுவதும் அழிவதில்லை. பூசணம் பிடித்த மிளகாயைப் பொடியாக்கிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. கறவை மாட்டுக்கு இட்டால் பாலின் வழியே அது குழந்தையின் வயிற்றையே அடையும். அன்று அவ்வம்மையார்களுக்கு நாம் மறுத்ததன் காரணம் இதுவே.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

முதலாவதாக, கூழில் உப்பைச் சற்றுக் குறைவாக இடுக. ஈரமாக இருக்கும்போது சரியாகத் தோன்றும் உப்பு, நீர் வற்றியதும் கரிக்கும். ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வற்றலும் ஊறுகாயும் தொட்டுக்கொள்வதற்கே; வயிறு நிரப்புவதற்கு அல்ல.

இரண்டாவதாக, மெல்லியதாக இடுக. தடித்த வற்றலின் புறம் விரைவில் இறுகி, உள்ளிருக்கும் ஈரத்தைச் சிறைப்படுத்திவிடும். காய்களையும் ஒரே கனத்தில் அரிந்தால் ஒருசேரக் காயும்.

மூன்றாவதாக, வெறுந்தரையில் உலர்த்தாதீர்கள். பூஞ்சையின் வித்துகள் மண்ணிலேயே உள்ளன. துவைத்த வேட்டி, பாய், தூய தார்ப்பாய் இவற்றின்மேல் பரப்பி, மெல்லிய துணியால் மூடுக. மாலையில் பனி இறங்குமுன் வீட்டினுள் எடுத்துவிடுக.

நான்காவதாக, காய்ந்ததா என்று சோதிக்காமல் அடைக்காதீர்கள். இருப்பதில் தடித்ததாக ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் காயவேண்டும். ஒடிந்தாலும், நிழலில் நன்றாக ஆறவிட்டு, ஒரு கைப்பிடியை உலர்ந்த கண்ணாடிப் புட்டியிலிட்டு இறுக மூடி ஒரு வாரம் வையுங்கள். உட்புறத்தில் நீர் பூத்தால் அத்தனையையும் மறுபடி வெயிலில் இடவேண்டும். அன்று நாம் ஒரு வாரம் பொறுத்திருந்தால் ஒரு குழுவின் முதல் பிழைத்திருக்கும்.

ஐந்தாவதாக, சிறு சிறு பாத்திரங்களில் பிரித்து அடைத்து, நாளைக் குறித்து ஒட்டுங்கள். ஒரே பெரிய டப்பாவை நாள்தோறும் திறந்தால் ஆடிக்காற்றின் ஈரம் முழுவதற்கும் புகுந்துவிடும்.

ஊறுகாயும் குளிர்ப்பெட்டியும்

நமக்கு அண்மையிலுள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். எலுமிச்சை ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு அதன் புளிப்பே முதற்காரணம், உப்பு துணை, எண்ணெய் காற்றைத் தடுக்கும் மூடி. இவ்வரிசையை மறந்து, புளிப்பில்லாத பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் வைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய கிருமி ஒன்று அதில் நஞ்சை உண்டாக்கக்கூடும். ஆகவே பூண்டு ஊறுகாயில் புளியோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேர்க்கவேண்டும். ஈரக்கையும் ஈரக்கரண்டியும் எவ்வூறுகாய்க்கும் பகை.

இன்று சிற்றூர்களிலும் பல வீடுகளில் குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. அதன் உறையறையில் துருவிய தேங்காய், வேகவைத்த பயறு, அரைத்த மசாலை முதலியவற்றை விழாவுக்கு முன்பே சேர்ப்போர் உள்ளனர். அவ்வறை சுழிக்குக் கீழே 18 டிகிரி குளிரில் இருப்பது நல்லது. உறையறை கிருமிகளைக் கொல்வதில்லை, உறங்கவைக்கிறது. வெளியே எடுத்து இளகியவுடன் அவை விழித்துக்கொள்ளும். எனவே ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வையுங்கள். இளகியதை மீண்டும் உறையவைக்காதீர்கள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதிருப்பதே முதல் உதவி. நிறைந்த உறையறை மூடியபடியே இருப்பின் ஏறத்தாழ இரண்டு நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் குளிரைக் காக்கும். நன்கு காய்ந்த வற்றலுக்கோ இக்கவலை இல்லை. ஏழையின் வீட்டிலும் செல்வரின் வீட்டிலும் வெயில் ஒன்றே.

ஊர் செய்யக்கூடியது

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, வீட்டின் வளமே ஊரின் வளம் என்ற கருத்தே அதன் அடிப்படையாயிருந்தது. இன்றும் அதுவே உண்மை. நம் ஊராட்சிகள் பலவற்றில் தானியம் காயவைக்க உலர்களங்கள் உள்ளன. சித்திரை, வைகாசி நாட்களில் அறுவடை இல்லாத வேளையில் அவற்றைக் கழுவித் தூய்மை செய்து, முறை வைத்துக் குழுக்கள் பயன்படுத்திக்கொள்ள ஊராட்சித் தலைவர்கள் ஏற்பாடு செய்யலாம். விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொண்டு, பொதியின்மேல் நாளும் பொருளும் குறிக்கவேண்டும். வீட்டுக்கொன்று, விற்பனைக்கொன்று என இருவகைத் தரம் வைத்தல் ஆகாது.

நம் போன்ற ஊழியர்களுக்கும் ஒரு சொல். விழா நாளையும் கடை திறக்கும் நாளையும் நாம் குறிக்கலாம். வற்றல் காயும் நாளை வெயில்தான் குறிக்கும். அதற்கு ஒரு வாரம் கூடுதலாக விட்டே திட்டமிட வேண்டும்.

அடுத்த ஆடித்தபசுக்குப் பேரக்குழந்தைகள் வந்து இலைமுன் அமரும்போது, பாட்டி பொரித்து வைக்கும் வற்றல் மணப்பதோடு நலமும் தருவதாக இருக்கட்டும். அதற்கான வேலை சித்திரையில், மொட்டைமாடியில், ஒன்றை ஒடித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது.