கர்ப்பப்பை அறுவைக்குப்பின் சிறுநீரகத்தைக் காத்தல்

கர்ப்பப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் இல்லாத சிற்றூர் இன்று அரிது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குறையின்றி நலம் பெறுகின்றனர். ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கோ, அதற்கும் குறைவானவர்க்கோ மட்டும், அறுவையின்போது சிறுநீர் நாளம் ஊறுபட்டுப் பின்னர்ச் சுருங்கிவிடுதல் உண்டு. காலத்தில் அறியப்படின் இது பெரும்பாலும் தீர்க்கத்தக்கதே. அறியப்படாவிடின் ஒரு சிறுநீரகமே பாழாகக்கூடும். ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினரும் குடும்பத்தாரும் இதனைத் தெரிந்திருத்தல் அவசியம்.

காரணம் யாது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலிருந்தும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய நாளம் ஒன்று இறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகின்றது. கர்ப்பப்பைக்கு இரத்தம் கொணரும் குழாய், கால்வாயின்மேல் பாலம்போல, இந்நாளத்தின் மேலே குறுக்காகச் செல்கின்றது. அவ்விடம் கர்ப்பப்பையின் கழுத்திலிருந்து ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தொலைவே. கர்ப்பப்பையை எடுக்க அவ்விரத்தக் குழாயைக் கட்டியே தீரவேண்டும். பெரிய கட்டியோ, பழைய அறுவையின் தழும்போ இருப்பின் நாளம் இடம் பெயர்ந்திருக்கலாம். அந்நிலையில், கைதேர்ந்த மருத்துவர் செய்யினும், நாளம் கட்டில் அகப்படலாம், தையலால் வளையலாம், இரத்தத்தை நிறுத்தும் மின்கருவியின் வெப்பம் அதனைத் தாக்கலாம். வெப்பத்தின் விளைவு பல நாட்கள் கழித்தே வெளிப்படுதலும் உண்டு.

வாய்க்கால் தூர்ந்தால் நீர் மேலே தேங்குவதுபோல், சிறுநீர் தேங்கிச் சிறுநீரகத்தை வீங்கச் செய்து, நாளடைவில் அதன் ஆற்றலைக் கெடுக்கின்றது.

அடையாளங்கள்

விலாப்புற வலி, குளிர்காய்ச்சல், வாந்தி, வயிற்று உப்புசம், பிறப்புறுப்பின் வழியே இடைவிடாத நீர்க்கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். “சிறுநீர்தான் நன்றாகப் போகிறதே” என்று வாளாவிருத்தல் தவறு. ஒரு பக்கம் அடைபட்டாலும் மறுபக்கத்துச் சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருக்கும். இரத்தப் பரிசோதனையும் சரியாகவே காட்டலாம். சிலருக்கு வலியே இராது. ஆனால், வயிற்று ஸ்கேன் பெரும்பாலும் சிறுநீரக வீக்கத்தைக் காட்டிவிடும்.

சிகிச்சை முறை

1869ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், சூலக அறுவையில் நாளம் ஊறுபட்டுச் சிறுநீர் ஓயாது கசிந்த பெண்ணொருத்தியைக் காக்க, குஸ்தாவ் சைமன் என்னும் மருத்துவர் அப்பக்கத்துச் சிறுநீரகத்தையே அகற்றினார். அவள் பிழைத்தாள். இன்று சிறுநீரகத்தை இழக்காமலே குணம் பெற வழிகள் உள.

முதலாவது, 1978 முதல் வழக்கிலுள்ள ‘டி.ஜே. ஸ்டென்ட்’ என்னும் மெல்லிய குழாயைச் சிறுநீர்ப்பையின் வழியே நாளத்துள் செலுத்திச் சில வாரங்கள் வைத்தல். அது நுழையாவிடின், முதுகுப்புறமாக ஒரு குழாயிட்டுத் தேங்கிய சிறுநீரை வெளியேற்றுவர். பின்னர், சுருங்கிய பகுதியை விலக்கி, நல்ல பகுதியைச் சிறுநீர்ப்பையில் புதிதாக இணைப்பர். நீளம் போதாவிடின் சிறுநீர்ப்பையை மேலே இழுத்துத் தைப்பர். அன்றி அதன் சுவரிலிருந்தே குழாய் அமைப்பர்.

ஸ்டென்டை மருத்துவர் குறித்த நாளில் எடுத்துவிடல் வேண்டும். மறந்து விடப்பட்டால் அதன்மேல் கல் படிந்து, புதிய அடைப்பு உண்டாகும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

அறுவை முடிந்து ஊர் திரும்பும் பெண்களைக் கிராம சுகாதாரச் செவிலியர் சென்று காணுமாறு உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். மருத்துவமனை தரும் சீட்டைப் பத்திரப்படுத்தவும், ஸ்டென்ட் எடுக்கும் நாளைக் குறித்து வைக்கவும் வீட்டாருக்கு எடுத்துரைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உடையோர், மருத்துவமனைக்குச் செல்லும்போது அதனையும் கொண்டுசெல்லல் நன்று.

அறுவடைக் காலமாயினும், வீட்டு வேலையாயினும், இவ்வலியைப் பொறுத்துக்கொள்ளும்படி எந்தப் பெண்ணையும் விட்டுவிடலாகாது. உரிய நாளில் செய்யும் ஒரு ஸ்கேன் ஒரு சிறுநீரகத்தைக் காக்கும்.