பெருக்கிப் பார்க்க வேண்டிய எண்கள்



போட்ஸ்வானாவில் 2021இல்கூட வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தபோது, அந்நாட்டை எப்படி வெற்றிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய், தம்பி. கேள்வி நியாயமானது. அதன் அடியில் கிடக்கும் நம்பிக்கைதான் என்னை உறுத்துகிறது. தொற்றோடு வாழ்வோர் தொகை குறைந்தால் முன்னேற்றம், குறையாவிட்டால் தோல்வி என்று நீயும் நினைக்கிறாய், செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. புதிதாகத் தொற்றுவோர் குறைந்தால் அந்தத் தொகை குறையும். தொற்றுள்ளோர் இறந்தாலும் குறையும். 1990களில் உகாண்டாவின் பரவல் விகிதம் சரிந்ததை உலகமே கொண்டாடியது. மக்கள் நடத்தை மாறியது உண்மைதான். ஆனால், மருந்தில்லாமல் மாண்டவர்களும் அந்தச் சரிவுக்குள் இருந்தார்கள். சாவை முன்னேற்றக் கணக்கில் எழுதலாமா?

போட்ஸ்வானாவில் நடந்தது நேர் எதிர். 2002இல், ஆப்பிரிக்காவில் மற்ற நாடுகளுக்கு முன்னோடியாக, அரசே கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. மருந்து எடுப்பவர் நெடுங்காலம் வாழ்கிறார். வாழ்வதால் கணக்கிலும் நீடிக்கிறார். 2021ஆம் ஆண்டின் நாடு தழுவிய ஆய்வில் 15 முதல் 64 வயது வரையுள்ளோரில் 20.8 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 95.1 சதவீதத்தினர் தம் நிலையை அறிந்திருந்தனர். அறிந்தவர்களில் 98 சதவீதத்தினர் சிகிச்சையில் இருந்தனர். சிகிச்சை பெறுவோரில் 97.9 சதவீதத்தினருக்கு வைரஸ் அடங்கியிருந்தது. இவற்றைத் தனித்தனியே பார்த்துப் பூரிக்காதே, பெருக்கு. தொற்றுள்ள 100 பேரில் ஏறத்தாழ 91 பேருக்கு வைரஸ் அடங்கியிருந்தது. ஐ.நா. வகுத்த 95-95-95 என்ற இலக்கைப் பெருக்கினாலே 86தான் வரும். மருந்தால் வைரஸை முழுதாக அடக்கி வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. அதன் பலன் அதே ஆய்வில் தெரிகிறது: தொற்றில்லாத 1,000 பேரில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கே புதுத் தொற்று.

என்னைக் கேட்டால் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: தொற்றோடு வாழும் ஒவ்வொரு 100 பேருக்கும் ஓராண்டில் எத்தனை புதுத் தொற்றுகள்? தொற்றியவர் சராசரியாக 30 ஆண்டுகள் வாழ்கிறார் என்று வைத்துக்கொண்டால், இது 3க்குக் கீழே இருக்கும்வரை தொற்றுள்ளோர் தொகை காலப்போக்கில் சுருங்கியே தீரும். போட்ஸ்வானாவுக்கு நீயே கணக்கிட்டுப் பார், 1கூட வராது. ஐந்தில் ஒருவர் என்பது பழைய தொற்றுகளின் எச்சம். அந்தப் பழையவர்கள் உயிரோடிருப்பதுதான் சாதனை.

புதுத் தொற்றை யாரும் நேரில் எண்ணுவதில்லையே, அது வெறும் மதிப்பீடுதானே என்பாய். ஆம், அண்மையில் தொற்றியதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையிலும் பிழைக்கு இடமுண்டு. ஆனால் நீ நம்பும் பரவல் விகிதமும் மதிப்பீடுதான். இந்தியாவில் 52 லட்சம் என்றிருந்த தொகை 2007இல் சுமார் 25 லட்சமாயிற்று. பாதி நோய் மறைந்துவிடவில்லை. அதுவரை பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகள் போன்றோரின் ரத்தத்தை வைத்தே நாட்டைக் கணித்தார்கள். மூன்றாம் தேசியக் குடும்ப நல ஆய்வு வீடுகளுக்கே சென்று ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதித்தது. பழைய ஆண்டுகளையும் புதிய முறையில் திரும்பக் கணக்கிட்ட பிறகே போக்கு தெரிந்தது. அளவுகோல் மாறிய ஆண்டை ஒட்டி வளைகோடு வரைந்து மகிழ்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

போட்ஸ்வானாவில் 100 பேரில் வைரஸ் அடங்காத மீதி 9 பேர் யார் என்று நீ கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும். தம் நிலையை அறியாதோர் அங்கே இளைஞரிடையேதான் அதிகம், நாட்டுச் சராசரி அவர்களை மறைத்துவிடுகிறது. ஆகவே அடுத்த கடிதத்தில் இந்தியாவின் மூன்று விகிதங்களையும் பெருக்கி அனுப்பு. மாநில வாரியாக, வயது வாரியாக அனுப்பு, சராசரி வேண்டாம்.