கடலூர் மழை, சிதம்பரம் மழை: ஏபிஐ மூலம் நாமே தகவல் எடுப்பது எப்படி?

கடலூரில் உட்கார்ந்துகொண்டு சிதம்பரத்தில் மழை வருமா என்று பார்ப்பது இன்று பெரிய விஷயமில்லை. செல்போனைத் திறந்தால் போதும். ஆனால் நாமே எழுதிய ஒரு புரோகிராம், தினமும் இரவு எட்டு மணிக்கு அந்தத் தகவலை எடுத்து, நமக்கு வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கு உதவுவதுதான் ஏபிஐ. பைத்தான் மொழியில் இதைச் செய்யும் வழியை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நான் செய்த ஒரு தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தவறால் என் மாமாவின் நெல் நனைந்தது.

ஏபிஐ என்றால் என்ன?

வெப்சைட் என்பது மனிதர்கள் பார்ப்பதற்கானது. அதில் படங்கள், மெனுக்கள், விளம்பரங்கள் எல்லாம் இருக்கும். புரோகிராமுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஏபிஐ, ரயில் நிலைய விசாரணைக் கவுண்டர் மாதிரி. கேட்கிற முறையில் கேட்டால், பதில் மட்டும் கிடைக்கும். அந்தப் பதில் பெரும்பாலும் ஜேசன் என்ற அமைப்பில் இருக்கும். "பெயர், அதற்கு எதிரே மதிப்பு" என்று அடுக்கிய சாதாரண டெக்ஸ்ட்தான் ஜேசன்.

நான் பயன்படுத்துவது ஓப்பன்-மெட்டியோ என்னும் வானிலை ஏபிஐ. வணிக நோக்கம் இல்லாத உபயோகத்துக்கு இது இலவசம். பெயரைப் பதிவு செய்ய வேண்டாம், ஏபிஐ கீ என்கிற சாவியும் வேண்டாம். ஒரு நாளைக்கு 10,000 அழைப்புகளைத் தாண்டக்கூடாது. வீட்டு உபயோகத்துக்கு இதுவே ஏராளம்.

முதலில் பிரவுசரில் சோதியுங்கள்

புரோகிராம் எழுதும் முன் பிரவுசரிலேயே பார்த்துவிடலாம். ஓப்பன்-மெட்டியோ தளத்தின் டாக்குமெண்டேஷன் பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே ஒரு படிவம் இருக்கும். சிதம்பரத்துக்கு அட்சரேகை 11.40, தீர்க்கரேகை 79.69 என்று கொடுங்கள். கடலூருக்கு 11.75, 79.77. மணிவாரியான தகவல்களில் மழையளவைக் குறிக்கும் பிரெசிப்பிடேஷன் கட்டத்தில் டிக் செய்யுங்கள். பக்கத்தின் கீழே ஏபிஐ முகவரி தயாராக இருக்கும். அதை காப்பி செய்து, பிரவுசரின் அட்ரஸ் பாரில் ஒட்டி என்டர் தட்டுங்கள். ஜேசன் பதில் திரையில் வரும்.

அந்த முகவரியைக் கவனியுங்கள். கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது சர்வரின் விலாசம். பின்னால் இருப்பவை நம் கேள்விகள். இடம், வேண்டிய தகவல், நேர மண்டலம் என ஒவ்வொன்றும் சமக்குறியோடு வரும்.

இனி பைத்தானில்

1. பைத்தான் 3 நிறுவியிருந்தால், பிப் கட்டளை மூலம் ரிக்வெஸ்ட்ஸ் என்ற லைப்ரரியை நிறுவிக்கொள்ளுங்கள். புரோகிராமின் முதல் வரியில் அதை இம்போர்ட் செய்யுங்கள்.

2. முகவரியில் பார்த்த கேள்விகளை ஒரு டிக்‌ஷனரியில் எழுதுங்கள்.

3. ரிக்வெஸ்ட்ஸின் கெட் ஃபங்ஷனுக்கு சர்வர் விலாசத்தையும் இந்த டிக்‌ஷனரியையும் கொடுங்கள். டைம்அவுட் 10 வினாடி என்றும் சேருங்கள். நாம் சொல்லாவிட்டால் ரிக்வெஸ்ட்ஸ் தானாக டைம்அவுட் வைத்துக்கொள்ளாது. லைன் போனால் புரோகிராம் அப்படியே நின்றுவிடும்.

4. ஸ்டேட்டஸ் கோடு 200 என்றால் சரி. 400 என்றால் கேள்வியில் பிழை. ரீசன் என்ற பெயரில் காரணமும் பதிலிலேயே இருக்கும். 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

5. ஜேசன் ஃபங்ஷனை அழைத்தால் பதில் டிக்‌ஷனரியாக மாறும். அதில் அவர்லி என்ற பகுதியில் இரண்டு லிஸ்ட்கள் இருக்கும். ஒன்றில் நேரங்கள், மற்றொன்றில் மழையளவுகள். முதல் நேரத்துக்கு முதல் மழையளவு என்று ஜிப் ஃபங்ஷனால் இரண்டையும் ஜோடி சேர்த்து, ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக அச்சிடுங்கள்.

இருபது வரிக்குள் வேலை முடிந்துவிடும். எனக்கும் முடிந்தது. அப்புறம்தான் சிக்கல் வந்தது.

நெல் நனைந்த கதை

தை மாதம், சம்பா அறுவடை நேரம். சிதம்பரம் பக்கத்தில் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மெஷின் வைத்து அறுத்து நெல்லைக் களத்தில் கொட்டியிருந்தார். "மாப்பிள்ளை, உன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுது? இன்னிக்கு ராத்திரி தார்ப்பாய் போடணுமா?" என்று போனில் கேட்டார். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை உள்ள மழையைக் கூட்டிச் சொல்லும்படி எழுதியிருந்தேன். கூட்டுத்தொகை பூஜ்யம். "வேண்டாம் மாமா" என்றேன். இரவு இரண்டு மணிக்கு நல்ல மழை.

காலையில் புரோகிராமைத் திரும்பப் பார்த்தேன். ஏபிஐ சரியாகவே சொல்லியிருந்தது. நான்தான் நேர மண்டலத்தைக் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் நேரங்கள் கிரீன்விச் கணக்கில் வரும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். நான் நள்ளிரவு முதல் ஆறு மணி என்று நினைத்துக் கூட்டியது, உண்மையில் நம் காலை 5.30 முதல் 11.30 வரை. இரவு இரண்டு மணி மழை முந்தைய தேதியில் 20.30 மணிக்குப் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு கேள்வி விடுபட்டதால் வந்த வினை.

ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது சிரமம். மாமா இரண்டு நாள் நெல்லைக் காயவைத்தார். என்னைத் திட்டவில்லை. "அடுத்த தடவை சரியா கேளு" என்றார். அவர் சொன்னது என்னிடம் கேட்கச் சொல்லியா, ஏபிஐயிடமா என்று தெரியவில்லை. இரண்டும் பொருந்தும்.

எண்ணை நம்பும் முன் மூன்று சோதனைகள்

நேரம்: டைம்சோன் என்ற இடத்தில் ஏசியா, சாய்கோடு, கொல்கத்தா என்று கொடுங்கள். பதிலில் யூடிசி ஆஃப்செட் வினாடிகளில் வரும். அது 19800 என்று இருக்க வேண்டும். ஐந்தரை மணி நேரம் என்பது 19,800 வினாடி. வேறு எண் வந்தால் புரோகிராம் நின்றுவிடும்படி ஒரு இஃப் வரி எழுதுங்கள்.

இன்னொன்று. ஐந்து மணிக்கு எதிரே உள்ள மழையளவு, நான்கு முதல் ஐந்து வரை பெய்த மழை. அதாவது முந்தைய ஒரு மணி நேரத்தின் கூட்டுத்தொகை.

இடம்: பதிலில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை நாம் கொடுத்ததிலிருந்து சற்று மாறியிருக்கும். வானிலை மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. நமக்குக் கிடைப்பது நம் ஊர் விழும் கட்டத்தின் மதிப்பு. பழைய தகவல்களுக்கு உதவும் ஈஆர்ஏ5 தொகுப்பில் 1940 முதல் தகவல் உண்டு. ஆனால் அதன் கட்டம் 0.25 டிகிரி, ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 39 கிலோமீட்டர்தான். ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாத மழையை அதில் தேடக்கூடாது.

அலகு: அவர்லி யூனிட்ஸ் பகுதியில் மில்லிமீட்டர் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். பத்து மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர்.

பயிற்சி: ஃபெஞ்சல் புயல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தில் வெள்ளம் வந்தது. ஓப்பன்-மெட்டியோவின் ஆர்க்கைவ் ஏபிஐயில் தொடக்க தேதி, முடிவு தேதி கொடுத்து அந்த நாட்களின் மழையைக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் எடுங்கள். இரண்டு ஊர்களின் எண்களையும் காற்புள்ளி போட்டு ஒரே கேள்வியில் கேட்கலாம். அப்போது பதில் ஒரு லிஸ்டாக வரும்.

இதை இந்திய வானிலைத் துறையின் அளவோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. அவர்களுடைய மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. டிசம்பர் 1 என்று அச்சானது, நவம்பர் 30 காலையிலிருந்து பெய்தது. 8.30 என்பது கிரீன்விச் கணக்கில் சரியாக மூன்று மணி. எனவே இங்கே மட்டும் கிரீன்விச் நேரத்தில் கேட்பதே வசதி. நவம்பர் 30 நான்கு மணி முதல் டிசம்பர் 1 மூன்று மணி வரை உள்ள 24 எண்களைக் கூட்டினால் அதே மழை நாள் கிடைக்கும். அப்போதும் இரண்டும் அச்சாகப் பொருந்தாது. ஒன்று மானியில் அளந்த தண்ணீர், மற்றது ஒரு கட்டத்துக்குப் போட்ட கணக்கு.

இது பழகியபின் 2012-இல் தொடங்கிய மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்துக்குப் போகலாம். அங்கே பதிவு செய்து ஏபிஐ கீ வாங்க வேண்டும். அந்தக் கீயைப் புரோகிராமுக்குள் எழுதி நண்பர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். தனி ஃபைலில் வையுங்கள்.

இப்போது என் புரோகிராம் மாமாவுக்குச் சொல்லும் வாக்கியத்தில் நேரமும் இருக்கிறது: "சிதம்பரம், இந்திய நேரம் இரவு 12 முதல் 6 வரை இத்தனை மில்லிமீட்டர்." எண் பூஜ்யமாக இருந்தாலும், களத்தில் நெல் கிடந்தால் தார்ப்பாய் போடச் சொல்கிறேன்.