இரகசியம் ஓர் அமானிதம்

நம்மை நம்பிச் சொல்லப்பட்ட இரகசியம் அமானிதமாகும். அரசாங்க இரகசியமோ மக்கள் அனைவரின் அமானிதம்.

ஈராக் போருக்குக் காரணம் காட்டிய யுரேனியச் செய்தியை, அமெரிக்க முன்னாள் தூதர் ஜோசப் வில்சன் 2003 ஜூலை 6-இல் மறுத்தெழுதினார். எட்டே நாட்களில், அவருடைய மனைவி உளவுத் துறையில் பணிபுரிபவர் என்று பத்திரிகையில் வெளிவந்தது. சொன்னவர்கள் அரசு அதிகாரிகளே! வில்சனின் மதிப்பைக் குலைக்க வெள்ளை மாளிகையினர் பலர் முனைந்ததாக அரசுத் தரப்பு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் கூறினார். மனைவியின் மறைவுப் பணி பாழாயிற்று. துணை அதிபரின் அலுவலராயிருந்த லிபி 2007-இல் பொய்ச் சாட்சியத்துக்காகக் குற்றவாளியானார். இரகசியத்தை வெளியிட்டதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அநீதியை வெளிப்படுத்துவது வேறு. எதிர்த்தவரை மட்டந்தட்ட அமானிதத்தில் மோசடி செய்வது வேறு. உறவினரிடம் கோபங்கொண்ட நாளில், அவர் முன்பு நம்பிச் சொன்னதை நாமும் ஊரறியச் செய்கிறோமே, அதுவும் இதுதான். அல்லாஹ் நம் நாவைக் காப்பானாக! ஆமீன்.