சாவி பிள்ளைகளிடம் இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் பள்ளியில் நூலகப் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னான். நூலகப் பாடவேளையில் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை என்று நீ வருத்தப்பட்டதையும் சொன்னான். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் கடிதம்.

முதலில் பீரோவைக் கவனி. நம் பள்ளிகள் பலவற்றில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையிலோ ஆய்வக மூலையிலோ நிற்கிற இரண்டு இரும்பு பீரோக்கள்தான். தணிக்கை வரும்போது இருப்புப் பதிவேட்டில் உள்ளதெல்லாம் கண்ணில் தெரிய வேண்டும், குறைந்தால் கைக்காசு போகும் என்ற பயத்தில் அவை பூட்டியே கிடக்கும். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பூட்டு தொங்கும்வரை நீ என்ன புதுமை செய்தாலும் பிள்ளைகள் பக்கத்தில் வர மாட்டார்கள். தலைமையாசிரியரிடம் உட்கார்ந்து பேசு. பிள்ளைகள் கையில் புழங்கினால் வருடத்துக்குச் சில புத்தகங்கள் கிழியும், சில தொலையும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளச் செய். அப்படிப் போனவற்றைத் தனியாக எழுதி, அவ்வப்போது அவர் கையொப்பம் வாங்கி வை.

பூட்டைத் திறக்கச் சொல்வது நான் மட்டும் இல்லை. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அடிப்படையில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகங்களுக்காக அவர் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. வாசகர் தாமே அலமாரிக்குப் போய் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்து மண்சாலையில் வண்டி கட்டிக்கொண்டு போக முடிந்தது என்றால், நாம் பீரோவிலிருந்து வராந்தாவரை கொண்டுபோகக் கூடாதா?

வராந்தாவில் ஒரு கயிறு கட்டி, மெல்லிய புத்தகங்களை அட்டை தெரியும்படி தொங்கவிடு. முதுகுப்புறம் மட்டும் தெரிகிற புத்தகத்தைப் பத்து வயதுப் பிள்ளை கண்டுகொள்ளாது. அரசின் வாசிப்பு இயக்கக் குட்டிப் புத்தகங்கள், ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் எல்லாம் உன் பள்ளிக்கு வந்திருக்கும். கட்டுப் பிரிக்காமல் எங்கேயாவது அடுக்கியிருந்தால் அவற்றிலிருந்தே தொடங்கு. காமிக்ஸையும் சேர்த்துக்கொள். 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தபோது என் வயதுப் பையன்கள் அதற்காக வரிசை கட்டி நின்றோம். பின்னாளில் தடித்த நாவல்களைத் தேடிப் போனவர்கள் பலரும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். பொம்மைப் புத்தகம் என்று யாராவது முகம் சுளித்தால் பொருட்படுத்தாதே.

அடுத்து, வாய்விட்டு வாசி. இதற்குக் காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். ஆறாம் வகுப்பில் பத்து நிமிடம் ஒரு கதையை வாசித்து, ஆள் கிணற்றுக்குள் விழப்போகிற இடத்தில் நிறுத்து. மீதி எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடு. இடைவேளையில் உன் மேசைக்குப் பிள்ளைகள் வருவார்கள். ஒரே பிரதி இருந்தால் சண்டைகூட வரும். அந்தச் சண்டையைச் சந்தோஷமாக வரவேற்பேன் நான்.

ஒன்றை மட்டும் செய்யாதே. புத்தகம் எடுத்த பிள்ளையிடம் சுருக்கம் எழுதி வா, நீதி என்ன சொல் என்று கேட்காதே. கேட்டால் அடுத்த வாரம் அது மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுக்கும், அதற்கடுத்த வாரம் எடுக்கவே எடுக்காது. அதற்குப் பதில் புத்தகத்தின் பின் அட்டையில் ஒரு தாள் ஒட்டு. படித்து முடித்தவர் அடுத்துப் படிக்கப் போகிறவருக்கு ஒரு வரி எழுதலாம், கட்டாயமில்லை என்று சொல். நான் வாத்தியாராக இருந்த பள்ளியில் ஒரு பேய்க்கதைப் புத்தகத்தின் தாளில் "ராத்திரி படிக்காதே, நான் தூங்கலை" என்று ஒருத்தி எழுதிவைத்தாள். அந்தப் பருவம் முடியும்வரை அந்தப் புத்தகம் அலமாரிக்குத் திரும்பவே இல்லை.

கதைப் பக்கம் தலைகாட்டாத பிள்ளைகளும் இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், ஆடு வளர்க்கிற குடும்பம். நூலகப் பாடவேளை முழுக்க ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பான். ஆடுகளுக்கு வரும் நோய்களைப் பற்றிய ஒரு சிறு நூலை அவன் கையில் கொடுத்தேன். வீட்டில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். சில நாள் கழித்து அப்பா பள்ளிக்கு வந்து, இதுபோல வேறு இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பையனுக்கு அன்றைக்கு வந்த மிடுக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் என்ன தொழில், எதில் கை ஓடும் என்று தெரிந்துகொள். புத்தகம் தேர்ந்து கொடுக்க அதுதான் வழிகாட்டும்.

இனி நான் மிகவும் விரும்பிச் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உன் பள்ளி கோவில்பட்டிப் பக்கம். எழுத்தாளர் கி.ரா.வின் ஊரான இடைசெவல் கூப்பிடு தூரம். அவர் சேகரித்த நாட்டுப்புறக் கதைகள் பலவும் அந்தக் கரிசல்காட்டு மனிதர்களின் வாயிலிருந்து வந்தவைதானே? உன் பிள்ளைகளின் வீடுகளிலும் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு கதை கேட்டு வரச் சொல். சொன்னது சொன்னபடி, வீட்டுப் பேச்சிலேயே எழுதட்டும். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம். எழுத வராத பிள்ளை சொல்லட்டும், இன்னொரு பிள்ளை எழுதட்டும். படம் போடுகிறவன் ஒருவன் எந்த வகுப்பிலும் இருப்பான். எல்லாவற்றையும் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டுத் தைத்து, சொன்னவர் பெயரும் எழுதியவர் பெயரும் முதல் பக்கத்தில் போடு. பிறகு மற்றப் புத்தகங்களைப் போலவே அதற்கும் பதிவேட்டில் ஓர் எண் கொடுத்து அலமாரியில் வை. தன் பாட்டியின் பெயர் அச்சுப் புத்தகங்களுக்கு நடுவே நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு நூலகம் அந்நிய இடமாக இருக்காது. அந்தப் பாட்டியையும் ஒருநாள் அழைத்து நாற்காலி போட்டு உட்காரவை, அதே கதையை எல்லோருக்கும் சொல்லட்டும்.

வழங்கல் பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். சாவியையும் அவர்களிடமே கொடு. முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு ஏற்கெனவே நிறையப் பொறுப்புகள் இருக்கும். வகுப்பில் எதற்கும் பெயர் சொல்லி அழைக்கப்படாத நாலைந்து பேரைப் பார்த்துத் தேர்ந்தெடு. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, யார் திருப்பித் தரவில்லை என்று உன்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யப் பார்க்காதே, உனக்குப் பாடமும் இருக்கிறது. ஒரு நாளை மட்டும் குறித்துக்கொள். ரங்கநாதனின் நினைவாக ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு மேடையும் சொற்பொழிவும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தானே தேர்ந்தெடுத்த ஒரு புத்தகத்தோடு வீட்டுக்குப் போகட்டும். திரும்பி வராதவற்றின் பட்டியலை எனக்கு அனுப்பு, வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா