புள்ளலூரில் பற்றிய மருந்து

நம்பிக்கை: காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் நிற்கும் இரண்டு கல்தூண்களும் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை அழிந்ததன் நினைவாக எழுப்பப்பட்டவை.

உண்மை: இல்லை. அவை கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன் இருவருக்குமான நினைவுத் தூண்கள். இவர்கள் மாண்டது 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் இங்கே மைசூரின் ஹைதர் அலியோடு மோதியபோது. பெய்லி தோற்றது அதற்கு ஓராண்டு முன்பு, 1780 செப்டம்பர் 10-ல். அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. இத்தனை போர்களில் ஊருக்கு வெளியே பேசப்படுவது 1780 ஒன்றுதான். தவறான செய்திகள் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதில்தான்.

நம்பிக்கை: பெய்லியை வீழ்த்தியவை ஹைதரின் மகன் திப்புவின் ராக்கெட்டுகள்.

உண்மை: இந்த நம்பிக்கையில் நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில் திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியத்தைக் கண்டு நெகிழ்ந்ததை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதிய பிறகு, அந்தப் பெருமை வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அதில் தவறில்லை. ஆனால் ராக்கெட் மட்டுமே வென்றது என்றால் ஹைதரின் போர்த்திறனைக் குறைத்துச் சொல்கிறோம்.

குண்டூர்ப் பக்கமிருந்து வந்த பெய்லி, காஞ்சியில் இருந்த ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டும். ஆகஸ்ட் 25 அன்று கொசஸ்தலை ஆற்றை அடைந்தவர், தண்ணீர் குறைவாக இருந்தபோதே கடக்காமல் வடகரையில் தங்கிவிட்டார். பிறகு வெள்ளம் வந்தது. ஆறு வடிவதற்குள் செப்டம்பர் பிறந்துவிட்டது. 6-ம் தேதி பெரம்பாக்கத்தில் திப்பு மறித்தார். 10-ம் தேதி காலை, மகனோடு தந்தையின் பெரும்படையும் சேர்ந்து புள்ளலூரில் சுற்றி வளைத்தது. காஞ்சியில் இருந்த மன்றோவுக்கோ அது சில மணி நேர நடைதூரம்தான். அவரும் நேரத்துக்கு வந்து சேரவில்லை.

அந்த வளையத்துக்குள்தான் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் பட்டது என்பார் உண்டு. பீரங்கிக் குண்டு என்பாரும் உண்டு. அக்காலக் குறிப்புகள் ஒரே மாதிரி சொல்லவில்லை. எது பற்றவைத்திருந்தாலும் விளைவு ஒன்றுதான்: பீரங்கிகள் இருந்தன, போட மருந்து இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் அந்த வெடிப்பை இன்றும் பார்க்கலாம். சிறைப்பட்ட பெய்லி அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1782-ல் இறந்தார். மன்றோ தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

நம்பிக்கை: மருந்து என்றாலே வெடிக்கும்.

உண்மை: அன்று ராக்கெட்டில் இருந்ததும் வண்டியில் இருந்ததும் வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கருமருந்துதான். ஒன்று பறந்தது, மற்றது வெடித்துச் சிதறியது. வேறுபாடு, நெருப்பு ஓட இடம் இருந்ததா என்பதில் இருக்கிறது. ராக்கெட் குழலில் மருந்தை இறுக்கிக் கெட்டிக்கிறார்கள். நெருப்பு வெளிப்பரப்பை மட்டும் தின்றபடி உள்ளே போகிறது. மைசூர்க்காரர்களின் சாதனை ராக்கெட்டின் கூட்டில் இருந்தது. மூங்கிலும் காகிதமும் தாங்காத அழுத்தத்தை இரும்புக் குழல் தாங்கியது, அதனால் தூரம் கூடியது. வண்டியில் இருந்ததோ குருணை மருந்து. குருணைகளின் இடுக்கெல்லாம் நெருப்புக்கு வழி. ஒரு பொறி போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாக் குருணையும் பற்றிக்கொள்ளும்.

நம்பிக்கை: தோட்டா நிரப்பும்போது மெல்ல எரியும் மருந்துக்குக் கடுமையான பிரைமர் போட்டால்தான் குண்டு வேகமாகப் போகும்.

உண்மை: புள்ளலூர்ச் சிப்பாய் தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்து, துப்பாக்கியின் கிண்ணியில் கொஞ்சம் மருந்து தட்டி, மீதியைக் குழலில் இட்டுக் கெட்டித்தார். கிண்ணியில் பற்றிய தீ சிறு துளை வழியே உள்ளே போனால்தான் சுடும். ஈரம் பட்டால் அதுவும் இல்லை. 1807-ல் அலெக்சாண்டர் ஃபோர்சித் அடிபட்டதும் தானே பற்றும் வேதிப்பொருளைக் கொண்டு இந்தத் தொல்லையைத் தீர்க்க வழி கண்டார். அதன் வாரிசுதான் இன்றைய பிரைமர்.

இன்றைய ரைபிளில் போடும் மெல்லெரி மருந்தின் மணிகளுக்கு மேல் எரிதலைத் தாமதிக்கும் பூச்சு உண்டு. உருண்டை மணி மருந்தில் அந்தப் பூச்சு பெரும்பாலும் கனம், நெருக்கமாகவும் அடையும். பெரிய தோட்டாக் கூட்டில், கடுங்குளிரில் அது பற்ற மறுக்கும். அங்கே நீண்டு எரியும் மேக்னம் பிரைமர் உதவும். குச்சி மணி மருந்துக்குப் பல வேளைகளில் சாதா பிரைமரே போதும்; குண்டுகளும் ஒரே சீராக விழும். வேகத்துக்காக மேக்னத்தை மாற்றிப்போட்டால் கூடுவது முதலில் தோட்டா அறையின் அழுத்தம்தான். ஏற்கெனவே உச்ச அளவில் மருந்து இருந்தால் துப்பாக்கிக்கும் ஆளுக்கும் ஆபத்து. மருந்து தயாரிப்பாளர் அட்டவணையில் எந்தப் பிரைமர் என்று இருக்கிறதோ அதைத்தான் போட வேண்டும். மாற்றினால் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அளவைக் குறைத்தால் எப்போதும் பத்திரம் என்பதும் சரியல்ல. பாதி காலியான கூட்டில் மெல்லெரி மருந்து தாறுமாறாகப் பற்றலாம்; அட்டவணையில் கீழ்வரம்பு போட்டிருப்பது அதனால்தான். இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

துப்பாக்கியின் விசையை அழுத்தியும் சுடவில்லை என்றால் உடனே திறந்து பார்க்காதீர்கள். பிரைமர் பற்றி, மருந்து இன்னும் பற்றாமல் இருக்கலாம். குழலை இலக்கை விட்டு அசைக்காமல் அரை நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருந்து, அதன் பிறகே தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும்.